ஓசூர்க் குளிரில் வேண்டாம், ஊத்தங்கரை வெயிலில் காட்டட்டும்

கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



மண்ணில்லாமல் பயிர் வளர்க்கும் தொழில்நுட்பத்தோடு ஒரு நிறுவனம் நாளைக்கே உங்கள் அலுவலகத்துக்கு வரலாம். பாலைவனத்திலும் விளையும், உவர் நிலத்திலும் விளையும், தண்ணீரில் தொண்ணூறு சதவீதம் மிச்சமாகும் என்று திரையில் படம் போட்டு விளக்குவார்கள். சோதனைப் பண்ணைக்கு ஓசூர்ப் பக்கம் இடம் கேட்பார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி நான் எழுதவில்லை. அந்தப் பண்ணை ஓசூரில் வேண்டாம், ஊத்தங்கரையில் அமையட்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

அவர்கள் ஓசூரைக் கேட்பதில் வியப்பில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரம், இதமான இரவு, பக்கத்திலேயே பெங்களூரு. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகளை நம்பி வளர்ந்த சிறு பட்டறைகள் பம்பும் வால்வும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் செய்யத் தெரிந்தவை. அமுதகொண்டப்பள்ளியில் அரசு நிறுவனமான டிட்கோவும் பங்கேற்ற டான்ஃப்ளோரா, 50 ஹெக்டேர் பசுமைக்குடிலில் ரோஜா வளர்த்து ஏற்றுமதி செய்து காட்டியது. தளியில் இந்திய - இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தின் மலர் மகத்துவ மையம் இருக்கிறது. இவ்வளவும் அமைந்த ஊரில் பாலிஹவுஸ் போட்டுக் குடைமிளகாய் காய்க்க வைப்பது பெரிய வித்தையா? காதலர் தினத்துக்கு ரோஜா அனுப்பும் நம் விவசாயிகள் அதை எப்போதோ செய்துவிட்டார்கள்.  

கடுமையான சூழலுக்கான தொழில்நுட்பம் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் அந்தக் கடுமைக்குள் இறங்கிக் காட்ட வேண்டும். அதற்கு ராஜஸ்தான் போக வேண்டியதில்லை. மாவட்டத்தின் மேற்கு முனையிலிருந்து கிழக்கே இறங்கினால் போதும்.

சித்திரை வெயிலில் ஊத்தங்கரையில் ஒரு தகரக் கூரையின் கீழ் நிற்பவருக்கு நான் சொல்வது புரியும். மண்ணில்லா விவசாயத்தில் செடியின் உயிர் வேரைச் சுற்றி ஓடும் சத்துநீரில் இருக்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் ஏழரைதான். சூடு ஏற ஏற வேரின் மூச்சுத் தேவையோ கூடுகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் பித்தியம் போன்ற வேரழுகல் நோய்கள் புகுகின்றன. தண்ணீரைக் குளிர்விக்கலாம், அதற்கு மின்சாரம் வேண்டும். விசிறியும் ஈரப் பட்டையும் வைத்துக் காற்றைக் குளிர்விக்கலாம், அந்தப் பட்டை நாள் முழுவதும் தண்ணீர் குடிக்கும். தொண்ணூறு சதவீத மிச்சம் என்ற கணக்கு பெரும்பாலும் குழாய்க்குள் ஓடும் தண்ணீரைப் பற்றியது. பட்டை குடித்ததையும் நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளியதையும் சேர்த்துக் கணக்குக் கேளுங்கள்.

மின்வெட்டைப் பற்றியும் கேளுங்கள். குழாயில் மெல்லிய படலமாகச் சத்துநீர் ஓடும் முறையில், உச்சி வெயிலில் பம்பு நின்றால் செடி வெகுநேரம் தாங்காது. தென்னை நார்த்தூளில் வளர்த்தால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அவகாசம் தரும். தமிழ்நாட்டு நார்த்தூளைக் கட்டியாக்கி வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்குக் கப்பலேற்றுகிறோம். அங்குள்ளவர்கள் அதில் விளைவிக்கும் நுட்பத்தை நமக்கே விற்க வந்தால் வாங்கிக்கொள்வோம், ஆனால் விலை பேசித்தான்.

அடுத்தது தண்ணீர். நந்தி மலையில் பிறந்து, பெங்களூருவின் கழிவைச் சுமந்துகொண்டு கொடியாளம் வழியாக நம் எல்லைக்குள் வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் நுரை தள்ளுவதை ஆண்டுதோறும் செய்தியில் பார்க்கிறோம். முழு நீர்மட்டம் 44.28 அடி கொண்ட அந்த அணையை நம்பி 8,000 ஏக்கர் இருக்கிறது. மாவட்டத்தின் நிலத்தடி நீரும் சுத்தமானதில்லை. ஃப்ளூரைடு பாதிப்புக்காகத்தான் ஒகேனக்கல் காவிரி நீரை இங்கே கொண்டுவந்தோம். 2013-இல் அந்தத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தக் குடிநீரில் ஒரு குடம்கூடப் பண்ணைக்குப் போகக் கூடாது.

சத்துநீரைத் திரும்பத் திரும்பச் சுழற்றினால், செடி எடுத்துக்கொள்ளாத சோடியம் அதில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அதைக் கொட்டித்தான் ஆக வேண்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்த அந்த நீர் ஏரிக்குப் போனால் பாசி மூடும். கர்நாடகத்துக் கழிவைப் பற்றி நாம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்ப் புகார் சொல்கிறோம். நம் எல்லைக்குள்ளேயே இன்னொரு வடிகாலைத் திறந்துவிட்டு எந்த முகத்தோடு வழக்குப் பேசுவது?

இந்தத் தொழிலில் பெரும்பணம் போட்டுக் கவிழ்ந்தவர்களும் உண்டு. விளக்கொளியில் அடுக்கடுக்காகக் கீரை வளர்த்த அமெரிக்காவின் ஏரோஃபார்ம்ஸ் 2023-இல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. பவரி ஃபார்மிங் 2024-இல் மூடப்பட்டது. இதற்கு நேர்மாறாக, 1940களில் வங்காளத்துக் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் சரளைக்கல் தொட்டியும் கையால் ஊற்றும் நீரும் மட்டும் போதும் என்ற அளவுக்கு இந்த முறையை எளிமையாக்கினார். சாதாரணக் குடும்பமும் செய்யக்கூடிய ஏற்பாடு அது. ஊத்தங்கரைக்கு எது தேவை என்று கேட்டால் நான் காலிம்போங் பக்கம்தான் கை காட்டுவேன்.

சிப்காட் மனை ஒதுக்குவது உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். ஆனால் தோட்டக்கலை மானியத்துக்கான பரிந்துரையும் ஆழ்துளைக் கிணற்றுப் பிரச்சினையும் உங்கள் பார்வைக்கு வராமல் போவதில்லை. பசுமைக்குடிலுக்குச் செலவில் பாதிவரை மானியம் கிடைக்கும் காலம் இது. அதனால் என் வேண்டுகோள்: வெயில் கொளுத்தும் கிழக்கு வட்டங்களில் ஒரு முழுக் கோடையைக் கடந்து அறுவடை காட்டிய பிறகே எந்த நிறுவனத்தின் முறையையும் விவசாயிகளுக்குப் பரிந்துரையுங்கள். எடுத்த தண்ணீர், கொட்டிய தண்ணீர், எரித்த மின்சாரம் மூன்றையும் மாதாமாதம் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். கழிவு நீர் தீவனப்புல்லுக்கோ தென்னைக்கோ போகிறதா என்று தோட்டக்கலைத் துறை போய்ப் பார்க்கட்டும். இந்தப் பண்ணைக்கு எந்த மின்கட்டண வகை என்பதையும் மின்வாரியத்திடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். கடன் வாங்கி இறங்கிய விவசாயி பிறகு அலையக் கூடாது.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், ஊத்தங்கரை வட்டத்தில் இதற்கு இடம் பார்க்கப்படுமா, இல்லையா என்று ஒரு பதிலை அறிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்துக் குடிமகன் ஒருவன்