கற்பூரம் மணக்கும் மரத்தூள்

ஓய்வுபெற்ற எம்மவர் சிலர் தத்தம் பகுதி மென்ஸ் ஷெட்டுக்குப் போய் மரக்கடைசல் பழகத் தொடங்கியிருக்கிறார்கள். நாள் முழுக்கத் தொலைக்காட்சியின் முன் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் கடையும் மரத்தைப் பற்றி ஒரு விடயத்தைச் சொல்லியே ஆகவேண்டும்.

நியூ சவுத் வேல்ஸில், முக்கியமாக அதன் வடபகுதியில், செலவில்லாமல் கிடைக்கக்கூடியது காம்ஃபர் லோரல் எனப்படும் கற்பூர மரம். 1822 இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று களையென்று வெட்டி எறியப்படும் மரம் இது. கடைசல் இயந்திரத்தில் ஏற்றி உளியை வைத்ததும் கராஜ் முழுவதும் கோவில் வாசம். எம்மவர் ஏமாறுவது அங்கேதான். கற்பூரம் என்றால் நெஞ்சுச் சளிக்கு நல்லது என்று கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா? முகமூடியைக் கழற்றிவிட்டு மூச்சை இழுத்து விடுகிறார்கள்.

நல்ல மணம் உள்ள மரம் நல்ல மரம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து. கற்பூர மரத்தூள் தலையிடி, கண்ணெரிவு, தோல் அரிப்பு, மூச்சிழைப்பைக் கொடுக்கலாம். எந்த மரத்தின் தூளானாலும், பல ஆண்டுகள் சுவாசித்தால் மூக்கிலும் அதனை அண்டிய எலும்புக் குழிகளிலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் வகைப்படுத்தியது.

பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் வெஸ்டர்ன் ரெட் சீடரும் வாசனையான மரந்தான். அதிலுள்ள பிளிகாட்டிக் அமிலம் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். பகலில் கடைந்தவருக்கு இரவில்தான் இருமல் வரலாம். அதனால் பலர் மரத்தைச் சந்தேகிப்பதில்லை. குளிர்க்காற்றைத்தான் திட்டுவார்கள்!

தார் மணக்கும் பழைய சிலிப்பர் கட்டையில் கிரியோசோட் ஊறியிருக்கும். அதைக் கடையவே கூடாது. அதைவிடக் கள்ளன், மணமே இல்லாத பழைய வேலிக்கட்டை, டெக் பலகை. இலேசான பச்சை நிறம் இருந்தால் குரோமியம், செம்பு, ஆர்சனிக் ஏற்றியதாக இருக்கலாம். நிறம் மங்கினாலும் நஞ்சு போகாது. டெக், விளையாட்டுத்திடல் முதலியவற்றுக்கு அதைப் பாவிப்பது 2006 இல் இங்கு கட்டுப்படுத்தப்பட்டது. முன்பு அடித்தவை இன்னும் வீடுகளில் இருக்கின்றன. துண்டுகளை அடுப்பில் எரித்தால் சாம்பலில் ஆர்சனிக் தங்கிவிடும். எங்கிருந்து வந்ததென்று தெரியாத கட்டையை இயந்திரத்தில் ஏற்றாதீர்கள்.

கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது முகமூடியாகாது. பி2 முகமூடி வேண்டும்; தாடி இருந்தால் அது முகத்தோடு ஒட்டாது. அரத்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் மிக நுண்ணிய தூள் பறக்கிறது. பலர் முகமூடியைக் கழற்றுவதும் அப்போதுதான்!

கற்பூர மரத்தில் கிண்ணம், பூச்சாடி செய்யுங்கள், அழகாக இருக்கும். பேரப்பிள்ளை வாயில் வைக்கும் கிலுகிலுப்பை மட்டும் வேண்டாம். கற்பூரம் சிறு அளவு உள்ளே போனாலும் குழந்தைகளுக்கு வலிப்பு வரக்கூடும். வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால், கடைந்த உடுப்போடு தூக்காமல், உடுப்பை மாற்றிக் கைகால் முகம் கழுவிவிட்டுத் தூக்குங்கள். அம்மம்மாமார்தான் இதைக் கவனிக்க வேண்டும், தாத்தாமார் மறந்துவிடுவார்கள்.

இருமலோ மூக்கடைப்போ விடாமல் தொடர்ந்தால், மூக்கிலிருந்து இரத்தம் வந்தால், குடும்ப வைத்தியரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும், மரம் கடைவதையும் என்ன மரம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.