எடிட்டரின் பெயர் எங்கே?

கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங் தளத்தில் நூலை ஏற்றும்போது வரும், செயற்கை நுண்ணறிவுக் கருவி பயன்பட்டதா என்ற கேள்விக்கு என்ன பதில் தருவது என்று எழுத்தாளர்கள் எடிட்டர்களிடம் கேட்கிறார்கள். 2023 செப்டம்பரில் அமேசான் கொண்டுவந்த விதியால் எழுந்த கேள்வி இது. எடிட்டர்களான நம் தொழிலுக்கென்று ஒரு பொது நிலைப்பாடு இன்னும் உருவாகவில்லை. ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கருவி உருவாக்கிய உரை, படம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றைப் பிறகு எவ்வளவு திருத்தியிருந்தாலும் அறிவித்தாக வேண்டும் என்பது விதியின் முதல் பாதி. இதை இந்த இதழ் முழுமனதோடு ஏற்கிறது. ஆங்கில நூலொன்றைக் கருவியில் இட்டு எடுத்த தமிழை வரிக்கு வரி மாற்றினாலும், எதை முன்னே சொல்வது, எங்கே வாக்கியத்தை முடிப்பது என்ற முடிவுகள் கருவியுடையவையாகவே தங்கிவிடும். சிக்கல் இரண்டாம் பாதியில் இருக்கிறது. எழுத்தாளர் தானே எழுதியதைக் கருவி கொண்டு செம்மைப்படுத்தினால், மெருகேற்றினால், பிழை பார்த்தால் அறிவிக்கத் தேவையில்லை என்கிறது அது.

படிவத்தில் பதில் சொல்பவர் எழுத்தாளர். பிரதியைக் கருவியில் இட்டவர் எடிட்டராக இருக்கலாம். அதை எழுத்தாளரிடம் சொல்லாவிட்டால், அவர் அறியாமலே பொய்யான உறுதிமொழி தர நேரலாம், அந்தப் பழி நம்முடையது. தமிழ்ப் பிழைதிருத்திகளான நாவியும் வாணியும் சந்திப்பிழையையும் எழுத்துப்பிழையையும் சுட்டிக்காட்டும், ஏற்பதா விடுவதா என்பதை மனிதர் முடிவுசெய்வார். இதில் மறைக்க எதுவுமில்லை. ஆனால் ஓர் அத்தியாயத்தை முழுசாகக் கொடுத்து மெருகேற்றச் சொன்னால் திரும்பி வருவது வேறொரு அத்தியாயம். விடுபட்ட ஒற்றைச் சேர்ப்பதும், அத்தியாயமே மாறிப்போவதும் விதியின் கண்ணில் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. எந்தக் கருவியை, எந்த வேலைக்கு, பிரதியின் எந்தப் பகுதியில் பயன்படுத்துவோம் என்பதை வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதித் தர வேண்டும். பத்திகள் மாற்றி எழுதப்பட்டிருந்தால் ‘கருவி உருவாக்கியது’ என்றே அறிவிக்கும்படி எழுத்தாளருக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை வாசகருக்குக் காட்டாமல் அமேசான் தன்னிடமே வைத்துக்கொள்கிறது என்பது நாம் நேர்மையைத் தளர்த்திக்கொள்ளக் காரணமாகாது.

இந்த விதி செம்மையாக்கத்தைப் பிழை பார்ப்பதோடு சேர்த்துக் கட்டியிருப்பது எவ்வளவு தவறு என்பது மும்பைத் தமிழ்ப் பிரதிகளில் பளிச்சென்று தெரியும். தாராவி, மாதுங்கா லேபர் கேம்ப், செம்பூர், மான்குர்த் என்று நீளும் குடியிருப்புகளின் பேச்சில் நெல்லையின் ‘சொல்லுதான்’, ‘வாராவ’ என்ற வினைகளும் சால், கோலி, நாக்கா என்ற பெயர்களும் கலந்தே வரும். ஒரே வீட்டுக்குள் ஊரிலிருந்து வந்த ஆச்சி ஒருவிதமாகவும், மும்பையில் வளர்ந்த மகன் இன்னொருவிதமாகவும், மராத்தியிலோ ஆங்கிலத்திலோ படித்த பேத்தி மூன்றாம் விதமாகவும் பேசுவார்கள். கதைசொல்லி இவர்களில் யாருக்கு நெருக்கமானவர்? உரையாடலில் இருக்கும் ‘கோலி’ கதைசொல்லியின் வாக்கியத்திலும் இருக்கலாமா, அங்கே ‘அறை’ ஆக வேண்டுமா? சென்னை வாசகருக்காக அடிக்குறிப்புப் போடுவதா, அடுத்த வரியிலேயே பொருள் புரியும்படி காட்சியைச் சற்று நகர்த்துவதா? இவற்றுக்கு விதிப்புத்தகத்தில் விடை கிடையாது. அந்த நாவலுக்குள் இருந்துதான் விடையை எடுக்க வேண்டும். அதிகம் புழங்கும் வடிவத்தின் பக்கம் சாய்வது இக்கருவிகளின் இயல்பு. ‘சொல்லுதான்’ ‘சொல்கிறான்’ ஆகிவிடும், ஆச்சியும் பேத்தியும் ஒரே தமிழ் பேசத் தொடங்குவார்கள். பிழை ஒன்றுகூட இருக்காது. மும்பையும் இருக்காது. கரிசல் பேச்சுக்கு ஒரு வட்டார வழக்கு அகராதி அமையக் கி. ராஜநாராயணன் உழைக்க வேண்டியிருந்தது. மும்பைத் தமிழுக்கு அதன் எழுத்தாளரும் அவருடைய எடிட்டரும்தான் காவல்.

இத்தனை முடிவுகளை எடுப்பவருக்கு எங்கே இடமிருக்கிறது? செம்மையாக்கத்தைத் தனி உழைப்பாகப் பார்க்காத அமேசான் விதியின் போக்கை நம் நிறுவனங்கள் நெடுங்காலமாகக் கொண்டிருக்கின்றன. மொழிபெயர்ப்புக்குத் தனிப் பரிசு வேண்டும் என்பதைச் சாகித்திய அகாதெமி 1989-இல் உணர்ந்தது. செம்மையாக்கத்துக்கு இன்றுவரை ஒன்றும் இல்லை. தமிழ் வளர்ச்சித் துறையின் சிறந்த நூல் பரிசு நூலாசிரியருக்கும் பதிப்பகத்துக்கும் போகிறது. நூலைச் சிறந்ததாக்கியதில் மூன்றாமவர் பங்கு உண்டா என்று துறை கேட்பதில்லை. 1957-இன் பதிப்புரிமைச் சட்டம் 57-ஆம் பிரிவில் ஆசிரியரின் பெயருரிமையைக் காக்கிறது. 2012 திருத்தம் 38பி பிரிவைச் சேர்த்து, மேடையில் பாடுபவருக்கும் நடிப்பவருக்கும் தம் பெயரால் அறியப்படும் உரிமையைத் தந்தது. சட்டத்தைத் திறந்து திருத்திய அந்த நேரத்திலும் பிறருடைய பிரதியில் மாதக்கணக்கில் உழைப்பவர் யார் நினைவுக்கும் வரவில்லை. கூலியும் இதே அலட்சியத்தின் வழியில்தான் போகிறது. அமேசானின் சந்தா வாசிப்புத் திட்டமான கிண்டில் அன்லிமிடெட் எழுத்தாளருக்குப் படிக்கப்பட்ட பக்கத்தின் கணக்கில் பணம் தருகிறது. நானூறு பக்க நாவலை இருநூற்றெழுபதாகச் சுருக்கித் தரும் எடிட்டர், ஒரு புதிய வாசகர் முழுதாகப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எழுத்தாளரின் வருவாயைக் குறைத்தவராகிறார். நல்ல வேலைக்கு அபராதம் விதிக்கும் ஏற்பாடு இது. கூறியது கூறலை நீக்குவதை நூல் எழுதுவோரின் கடமையாக வைத்த மொழியில், கூறியது கூறினால் கூடுதல் பணம் என்ற நிலைக்கு ஒரு தளம் நம்மைக் கொண்டுவந்திருக்கிறது. அதைக் கேட்க ஒரு வாரியமும் இல்லை, துறையும் இல்லை.

எடிட்டர் பின்னால் நிற்பதே மரபு என்று சிலர் சொல்வார்கள். 1887-இல் முன்கூட்டியே கையொப்பம் திரட்டிச் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் தம் பெயரை முகப்பில் இட்டார். ஏடு தந்தவர்களையும் உதவியவர்களையும் முகவுரையில் குறிப்பிட்டார். 1974-இல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தின் நூல்கள் பெற்ற மதிப்பில் அதன் நிறுவனர் ராமகிருஷ்ணனின் செம்மையாக்கத்துக்குப் பெரும் பங்குண்டு என்பதும் ஊரறிந்தது. பெயர் சொல்வதும் மரபுதான். தன் செலவில் நூல் போடுபவரிடம் எடிட்டருக்குத் தரப் பணமில்லை என்பது இதைவிட வலுவான மறுப்பு. சுயவெளியீட்டை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் அல்லோம் நாம். சி.சு. செல்லப்பா ‘சுதந்திர தாகம்’ நாவலைத் தாமேதான் வெளியிட்டார். அவர் மறைந்த பின் 2001-இல் அதற்கு அகாதெமி விருது கிடைத்தது. பணம் குறைவாக உள்ள எழுத்தாளரிடம் முழு நூலையும் மேம்போக்காகப் பார்த்துத் தருவதைவிட, முதல் மூன்று அத்தியாயங்களை ஆழமாகச் செம்மைப்படுத்திக் காரணங்களை ஓரத்தில் எழுதித் தருவது மேல். மீதியை அவரே செய்துகொள்வார். எழுத்துத் திறனும் அப்படித்தான் வளரும். பெயர் போட்டால் குறைகளுக்கும் எடிட்டர் பொறுப்பாவாரே என்று நம்மவர்களே தயங்குவதுண்டு. ஆம், பொறுப்பாவார். கருவியில் இட்டு ஒரே இரவில் நாவலைத் திருப்பித் தருபவர் அப்படிப் பெயர் கொடுக்கத் துணியமாட்டார். வாசகருக்கும் எழுத்தாளருக்கும் அதுவே போதுமான பாதுகாப்பு.

அமேசான் படிவத்திலேயே பங்களிப்பாளர்களுக்கென ஒரு பகுதி இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர், ஓவியர் ஆகியோரோடு எடிட்டரும் அந்தப் பட்டியலில் உண்டு. அதை நிரப்பப் புதுச் சட்டம் வேண்டாம், எவருடைய அனுமதியும் வேண்டாம். பிரதியை முழுமையாகச் செம்மையாக்கும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும், அந்தப் பகுதியிலும் அச்சு நூலின் உரிமைப் பக்கத்திலும் எடிட்டரின் பெயர் வர வேண்டும் என்ற பிரிவைச் சேருங்கள். மெய்ப்பு மட்டும் பார்த்திருந்தால் ‘மெய்ப்பு’ என்றே போடச் சொல்லுங்கள். எழுத்தாளர் கடைசி நேரத்தில் பிரதியை மாற்றியிருந்தால் பெயரை விலக்கிக்கொள்ளும் உரிமையையும் அதே பிரிவில் எழுதி வாங்குங்கள். தமிழ் வளர்ச்சித் துறைக்கும் சாகித்திய அகாதெமிக்கும் இந்த இதழ் தனியே கடிதம் எழுதுகிறது. அவர்களுடைய பதில் வரும்வரை எந்தப் பிரதியும் பெயரில்லாமல் நம் கையைவிட்டுப் போக வேண்டாம்.