சிறிய காருக்குள் எத்தனை ஸ்பீக்கர்?



இந்த வாரம் சற்றே மாறுபட்ட ஒரு பொருளை உங்கள்முன் வைக்கிறேன். இருவர் மட்டும் அமரக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களில் கூடுதலாக ஸ்பீக்கர் பொருத்துவதைப் பற்றியது அது. போதகருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சனி, ஞாயிறுகளில் திருவண்ணாமலைக்குள் நுழையும் செங்கம் சாலையையும் திண்டிவனம் சாலையையும் கவனிப்பவர்களுக்குக் காரணம் விளங்கும். பெங்களூருவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் சில கார்கள் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடுகின்றன. அவற்றை ஓட்டிவருகிறவர்களில் சிலர் நம் வீட்டுப் பிள்ளைகள். படித்து, வேலைக்குச் சென்று, பல ஆண்டுச் சேமிப்பில் ஆசைப்பட்ட வண்டியை வாங்கியவர்கள். அவர்களுக்கும், அவர்களைக் கடிந்துகொள்ளும் பெற்றோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காருக்குள் நல்ல இசை வேண்டும் என்று விரும்புவது குற்றமன்று. அதற்காகக் கூடுதல் ஸ்பீக்கர் பொருத்துவதும் தவறன்று. ஆனால் அது யாருடைய செவிக்காகப் பொருத்தப்படுகிறது என்பதை முன்னதாகவே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் இருவருக்காக எனில், சிறிய காருக்குத் தேவைப்படுவது மிகக் கொஞ்சமே. தெருவுக்காக எனில், எவ்வளவு பொருத்தினாலும் போதாது.

ஆசைக்கு நியாயம் உண்டு

இத்தகைய கார்கள் நம் நாட்டில் குறைவு. 1990களின் இறுதியில் சான் மோட்டார்ஸ் நிறுவனம் கண்ணாடியிழை உடல் கொண்ட சான் ஸ்டார்ம் என்னும் இரண்டு இருக்கைக் காரை இந்தியாவிலேயே உருவாக்கியது. பின்னர் பி.எம்.டபிள்யூ. இசட்4, மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. போன்றவை விற்பனைக்கு வந்தன. இன்று அவை பழைய கார்ச் சந்தையிலும் கிடைக்கின்றன. தாழ்ந்த உடலும், மேல்மூடியைத் திறந்து ஓட்டும் வசதியும் இவற்றின் அழகு. இசை கேட்பதற்கோ அவையே இடையூறு. சாலைக்கு மிக அருகில் அமர்ந்திருப்பதால் டயரின் இரைச்சல் நேராகக் காதுக்கு வருகிறது. மூடியைத் திறந்தால் காற்றின் ஓசை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மூடிய சிறு அறை தாழ்ந்த சுருதி ஒலிகளை இயல்பாகவே வலுப்படுத்தும். ஆகவே வீட்டு வாசலில் மூடி போட்டு நிற்கும்போது பாட்டு நிறைவாக ஒலிக்கும். நெடுஞ்சாலையில் மூடியைத் திறந்தவுடன் அந்த வலு கலைந்துபோகும். தவிலின் கனத்த பக்கமும் மிருதங்கத்தின் தொப்பியும் காணாமற்போய், குரலும் தாளத்தின் கிணுகிணுப்பும் மாத்திரம் மெலிந்து கேட்கும். ஆகவே, "வண்டியோடு வந்த ஸ்பீக்கர் போதவில்லை" என்று ஒரு வாலிபன் சொன்னால் அது வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட வேண்டாம். அவன் சொல்வது உண்மை.

வலிமையும் அருகாமையும்

இக்குறையைத் தீர்க்கப் பெரும்பாலோர் நாடுவது வாட்டைத்தான். கணக்கைப் பாருங்கள். மின்திறனை இருமடங்காக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. நம் செவிக்கு இருமடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். ஐம்பது வாட் இருந்த இடத்தில் ஐந்நூறு வாட்! 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அவ்வளவு திறனை எடுக்க நாற்பது ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் வேண்டியிருக்கும். சிறிய காரின் ஆல்டர்னேட்டருக்கு அது பெருஞ்சுமை.

இனி மற்றொரு வழியைப் பாருங்கள். திறந்த வெளியில் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபெல் கூடுகிறது. மின்திறனை நான்கு மடங்காக்கியதற்கு இது ஒப்பாகும். ஆனால் ஒரு வாட்டும் கூடுதலாகச் செலவாகவில்லை. இதை நன்கு அறிந்தவர்கள் ஜப்பானின் மாஸ்டா நிறுவனத்தார். 1989இல் வெளிவந்து, உலகில் மிகுதியாக விற்ற இரண்டு இருக்கைத் திறந்த காராக விளங்கும் எம்.எக்ஸ்-5 காரின் சில வகைகளில், இருக்கையின் ஹெட்ரெஸ்டுக்குள்ளேயே சிறு ஸ்பீக்கர்களை வைத்தார்கள். உரக்கக் கூவுவதைக் காட்டிலும் காதருகே சொல்வது மேல் என்பதே அதன் தத்துவம்.

அமர் போஸ் என்னும் பெயரை நீங்கள் அறிவீர்கள். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அமெரிக்காவில் தஞ்சம் புகுந்த வங்காளி ஒருவரின் மகன், எம்.ஐ.டி.யில் பேராசிரியராயிருந்தவர். அவருடைய நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ஒலியமைப்பு செய்தபோது, ஒரே பெட்டியை எல்லாக் கார்களிலும் திணிக்கவில்லை. ஒவ்வொரு காரின் உட்புறத்தையும், மனிதர் அமரும் இடத்தையும் அளந்து, அதற்கேற்ப ஒலியை அமைத்தது. எந்தக் காரில் யார் எங்கே அமர்ந்து கேட்கிறார் என்பதே முதற்கேள்வியாயிற்று. நாமும் அங்கேயிருந்தே தொடங்க வேண்டும்.

பொருத்த விரும்புகிறவர்களுக்கு

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ பெங்களூரு ஜே.சி. சாலைக்கோ செல்வதற்கு முன் சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கதவைச் சரிசெய்யுங்கள். உள்தகட்டில் அதிர்வைத் தணிக்கும் விரிப்பை ஒட்டி, தேவையற்ற துளைகளை அடைத்தால், ஏற்கெனவே உள்ள ஸ்பீக்கரே வேறாக ஒலிக்கும். ஆனால் மழைநீர் வடியும் துளைகளை அடைத்துவிடக் கூடாது.

இரண்டாவது, எண்ணிக்கையைக் கூட்டுமுன் தரத்தைக் கூட்டுங்கள். அதே அளவுள்ள நல்ல ஸ்பீக்கரையும் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையரையும் வைத்தாலே பலருக்குப் போதும். பெட்டியின்மேல் 1000 வாட் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் நொடிப்பொழுது உச்சத்தின் கணக்கு. ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள்.

மூன்றாவது, தாழ்ந்த ஒலி வேண்டுமெனில், இருக்கையின் அடியில் பொருந்தும் தட்டையான சப்வூஃபர் ஒன்று போதும். இந்தக் காரின் சிறப்பே அதன் இலேசான எடைதான். பின்னால் கனத்த மரப்பெட்டியை ஏற்றினால், எதற்காக வாங்கினோமோ அதையே இழந்துபோவோம்.

நான்காவது, பாதுகாப்பு. பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குச் செல்லும் கம்பியில், பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். வழியில் எங்கேனும் கம்பி உரசி உடலைத் தொட்டால், ஃபியூஸ் இல்லாத கார் தீப்பற்றும். இருக்கையின் பக்கவாட்டிலோ கதவிலோ ஏர்பேக் இருந்தால், அது விரியும் பாதையில் எதையும் ஒட்டவோ கம்பி இழுக்கவோ கூடாது. அவசரத்தில் இதைச் சில கடைக்காரர்கள் கவனியாமல் விடுவதுண்டு. நீங்கள் அருகிலிருந்து பாருங்கள்.

தெருவுக்காகப் பொருத்தும்போது

மேற்சொன்ன எல்லாவற்றையும் செய்தாலும் காருக்கு வெளியே பெரிய ஓசை எழாது. சிலருக்கு அதுவே குறையாகத் தோன்றுகிறது. கடைவீதி திரும்பிப் பார்க்க வேண்டும் என்று பின்புறம் ஸ்பீக்கர் மேல் ஸ்பீக்கராக அடுக்குகிறார்கள். என் மறுப்பு இங்கேதான் தொடங்குகிறது.

நம் ஊரை நினைத்துப் பாருங்கள். பௌர்ணமிதோறும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் பாதையில் பெருந்திரளானோர் இரவெல்லாம் கால்நடையாய்ச் சுற்றிவருகிறார்கள். 1896இல் வந்து இங்கேயே தங்கிய ரமணரின் மௌனத்தை நாடி உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். அவர்களுடைய மார்க்கம் நம் மார்க்கம் அன்று. ஆயினும் அவர்கள் நம் அயலார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பின்னால் வரும் 108 ஆம்புலன்சின் ஒலி ஓட்டுநருக்குக் கேட்காமற்போனால், அந்தச் சில நிமிடங்களின் விலையைச் செலுத்துகிறவர் வேறொருவர்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பதே வரையறை. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் இசை ஒலிப்பதே தண்டனைக்குரியது.

"நீங்கள் மட்டும் என்ன?"

வாலிபர்கள் கேட்கக்கூடிய எதிர்க்கேள்வியை நான் அறிவேன். "கோயில் விழாவில் ஒலிபெருக்கி இல்லையா, அரசியல் கூட்டத்தில் இல்லையா, உங்கள் சபைகளில் இல்லையா? நாங்கள் கடந்து போவது ஒரு நிமிடம். அதுவா பெரிது?"

இந்தக் கேள்விக்குத் தலைகுனியாமல் பதில் சொல்ல நம்மவர்களுக்கு உரிமை குறைவு. இவ்விஷயத்தில் நாட்டின் முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று, தமிழ்நாட்டின் ஒரு திருச்சபையைப் பற்றியதே. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியிலுள்ள கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி மக்கள், அருகிலிருந்த சபையின் ஒலிபெருக்கியும் டிரம் ஓசையும் தாங்கமுடியவில்லை என்று முறையிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2000 ஆகஸ்ட் 30 அன்று சபையின் மேல்முறையீடு தள்ளுபடியானது. பிறருடைய அமைதியைக் குலைத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் விதிக்கவில்லை என்பதே நீதிமன்றம் கண்ட முடிவு. நீதிமன்றம் சொல்லித்தான் இதை நாம் அறிந்திருக்க வேண்டுமா? அதிகாலையில் உரத்த சத்தமாய் அயலானை வாழ்த்தினால் அந்த வாழ்த்தும் சாபமாகிவிடும் என்னும் எச்சரிப்பு நீதிமொழிகளின் 27ஆம் அதிகாரத்தில் முன்னமே இருக்கிறது.

ஆகவே பெரியவர்களே, வாலிபனின் காரைக் குறைகூறுமுன் நம் சபையின் வாசலில் வெளிப்புறம் பார்த்துக் கட்டப்பட்டிருக்கும் ஸ்பீக்கரை உட்புறமாகத் திருப்புவோம். அதன்பின் நாம் சொல்வதை அவன் கேட்பான். வாலிபர்களே, மற்றவர் செய்கிறார்கள் என்பது உங்களுக்கு உரிமையாகாது. பத்துப் பேர் ஒரு நிமிடம் வீதம் கடந்து சென்றால், வீட்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு அது பத்து நிமிடம்.

உங்கள் செவியையும் நினையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபெல் எனில் 4 மணி நேரம் மட்டுமே. 100 டெசிபெல் எனில் ஏறத்தாழ 20 நிமிடம். பெங்களூருவிலிருந்து இங்கு வரும் ஒரே பயணத்தில் அந்த அளவைப் பல மடங்கு தாண்டிவிடலாம். உட்காதின் நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். பல கார்களில் வேகம் குறைந்தால் ஒலியும் தானாகக் குறையும் வசதி உண்டு. உங்கள் வண்டியில் இருந்தால் அதை இயக்கிவையுங்கள். அடுத்து, ஊருக்குள் வரும்போது வைக்கும் அதே அளவில் பாட்டை ஒலிக்கவிட்டு, காரை நிறுத்தி இறங்கிப் பத்தடி நடந்து செல்லுங்கள். அங்கே பாட்டின் சொற்கள் தெளிவாகக் கேட்டால், உங்கள் காரில் ஸ்பீக்கர் குறைவாக இல்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

சமாதானம் உங்களோடிருப்பதாக.