ஈயத்தை அளக்கப் போவது யார்?

திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலும் சித்தூர் அருகிலும் இயங்கும் அமர ராஜா பேட்டரி ஆலைகளை மூடுமாறு ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021 ஏப்ரல் 30 அன்று உத்தரவிட்டது. தொழிலாளர்களின் ரத்தத்திலும், சுற்றுப்புற மண்ணிலும் நீரிலும் ஈயம் கலந்துள்ளதாக வாரியம் குற்றம்சாட்டியது. நிறுவனம் மறுத்தது. சில நாட்களிலேயே உயர்நீதிமன்றம் உத்தரவை நிறுத்தி வைத்தது.

அதன்பின் நடந்த விவாதத்தில் ஈயம் காணாமல் போனது. நிறுவனத்தை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்த ஜெயதேவ் கல்லா அப்போது தெலுங்கு தேசம் எம்.பி. மாநிலத்தை ஆண்டதோ ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ். அரசியல் பழிவாங்கல் என்றது ஒரு தரப்பு. சட்டப்படியான நடவடிக்கை என்றது மறுதரப்பு. ஆலையை ஒட்டிய கிராமங்களில் மக்கள் பிடிக்கும் குடத்து நீரில் ஈயம் எவ்வளவு என்பது இருவருக்குமே இரண்டாம்பட்சமானது. 2024-ல் ஆட்சியும் மாறிவிட்டது.

தலைநகரும் இதற்கு விலக்கல்ல. 2019 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தில்லியில் எடுத்த 11 குழாய் நீர் மாதிரிகளும் தேறவில்லை என்று மத்திய அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வான் அறிவித்தார். இது அரசியல் என்றார் முதல்வர் கேஜ்ரிவால். சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய நேரம் அது.

ஈயத்துக்கு நிறமில்லை, சுவையில்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு அது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தரம் 10500. ஆனால் குழாய் நீர் வழங்கும் அரசு அமைப்புகளை அந்தத் தரம் சட்டப்படி கட்டாயப்படுத்துவதில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சியளித்துச் சோதனைப் பெட்டியும் தருகிறார்கள், நல்ல ஏற்பாடுதான். கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவற்றை அதில் அறியலாம். ஈயத்தை அளக்க உயர்தரக் கருவியுள்ள ஆய்வகம் தேவை.

முன்கூட்டிய அளவீடு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை அதே மாநிலத்தின் ஏலூரு 2020 டிசம்பரில் காட்டியது. நூற்றுக்கணக்கானோர் திடீரென வலிப்பு வந்து விழுந்தனர். எய்ம்ஸ் ஆய்வில் ரத்தத்தில் ஈயமும் நிக்கலும் தெரிந்தன. வேறு ஆய்வகங்கள் பூச்சிக்கொல்லியைச் சுட்டின. மக்கள் மயங்கி விழுந்த பிறகுதான் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன.

குடிநீர் மாநில அதிகாரத்தில் வருவது என்று கூறி மத்திய அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. குழாய்த் திட்டங்களுக்குப் பெரும் நிதி தில்லியிலிருந்தே செல்கிறது. ஈயம், குரோமியம் கையாளும் ஆலைகள் உள்ள ஒன்றியங்களில் ஆண்டுதோறும் கன உலோகச் சோதனை நடத்துவதை அந்த நிதிக்கு நிபந்தனையாக்கலாம். மாதிரி எடுப்பவர் ஆலையின் ஊழியராகவோ, ஆட்சிக்கேற்ப ஆடும் வாரியத்தின் ஆளாகவோ இருக்கக் கூடாது. முடிவுகளை ஊராட்சி அலுவலகச் சுவரில் தெலுங்கில் ஒட்ட வேண்டும். எல்லையோரச் சிற்றூர்களில் தமிழிலும். சித்தூர் வழியே வரும் நீவா ஆறு பொன்னையாறாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பாலாற்றில் கலக்கிறது. அந்த ஆற்றுப்படுகைக் கிணறுகளையும் இதே பட்டியலில் சேர்க்க வேண்டும்.