மூளைக் குழாயில் ஒரு குமிழ்

கொள்ளிடக் கரையில் வாழும் அரியலூர் வட்டாரத்து மக்கள் ஓர் உண்மையை நன்கு அறிவர். வெள்ளம் வரும்போது கரை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் அரிக்கப்படுவதில்லை. ஆறு வளையும் இடத்திலும் கிளை பிரியும் இடத்திலுமே நீர் மோதிக் கரையைத் தின்னும். நம் மூளையின் இரத்தக் குழாய்களிலும் இதுவே நிகழ்கிறது.

மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் அதன் அடிப்பகுதியில் ஒரு வளையமாக இணைந்து, பின்னர் கிளைகளாகப் பிரிகின்றன. 1664-இல் இதனை விவரித்த ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிசின் பெயராலேயே அவ்வளையம் வழங்கப்படுகிறது. கிளை பிரியும் கவட்டில் இரத்தம் நேரே மோதி, உட்சுவரை உரசிச் செல்கிறது. அவ்வுரசல் விசை ஆண்டுக்கணக்கில் மிகுதியாயின், சுவருக்கு மீள்தன்மை தரும் படலம் சிதைந்து, அவ்விடம் குமிழ்போல் புடைக்கும். இதனையே மருத்துவர்கள் அனியூரிசம் என்பர்.

புடைப்பு உண்டானபின் நிலைமை மாறுகிறது. குமிழுக்குள் புகும் இரத்தம் மெதுவாகச் சுழல்கிறது. உட்சுவரின் உயிரணுக்களோ சீரான ஓட்டத்திற்குப் பழகியவை. ஓட்டம் தளர்ந்து, திசை மாறி மாறி உரசும்போது அவை நலிகின்றன. அழற்சி தோன்றிச் சுவர் மெலிகிறது. ஆகவே மிகுந்த விசை குமிழைத் தோற்றுவிக்கிறது, குறைந்த விசை சில குமிழ்களை வளர்க்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எனினும் எக்குமிழ் வெடிக்கும் என்பதை விசையை மட்டும் கணக்கிட்டு உறுதியாகக் கூற இன்னும் இயலவில்லை.

அஞ்ச வேண்டா. வயது வந்தோர் நூறு பேரில் ஏறக்குறைய மூவருக்கு இத்தகைய குமிழ் இருக்கலாம். பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. பெண்களுக்கும், ஐம்பதைக் கடந்தோருக்கும், பெற்றோர் உடன்பிறந்தோருள் இருவருக்கேனும் இந்நோய் கண்ட குடும்பத்தாருக்கும், சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் நிறையும் பரம்பரை நோயுடையோருக்கும் இடர் அதிகம். இவை நம் கையில் இல்லை.

நம் கையில் உள்ளவை இரண்டு: இரத்தக் கொதிப்பும் புகையும். ஒன்று வெள்ளத்தைப் பெருக்குகிறது. மற்றது கரையை இளக்குகிறது. பெரம்பலூர் மக்காச்சோளக் காட்டிலும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் உழைப்போர் களைப்புத் தீரப் பற்றவைக்கும் பீடி, அக்கரையைத்தான் கரைக்கிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர் இல்லத்திற்கே வந்து இரத்த அழுத்தம் அளந்து மாத்திரை தருகின்றனர். "உடம்புக்கு ஒன்றும் இல்லையே" என்று அதனை நிறுத்திவிடுவது பெருந்தவறு. இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது.

சம்மட்டியால் அடித்தாற்போல் திடீரெனத் தோன்றி, நொடிகளில் உச்சத்தை எட்டும் தலைவலி, வாந்தி, பிடரி விறைப்பு, மயக்கம், ஒரு கண்ணிமை தொங்குதல் ஆகியவை அபாய அறிகுறிகள். வெயிலின் வேலை என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடாதீர்கள். உடனே 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெடித்த குமிழ் முதல் சில நாட்களிலேயே மீண்டும் வெடிக்கக்கூடும். அது பெரும்பாலும் உயிரைக் கொள்ளும்.

சிகிச்சை இல்லாமல் இல்லை. 1937-இல் அமெரிக்க மருத்துவர் வால்ட்டர் டாண்டி குமிழின் கழுத்தில் கிளிப் பூட்டி அதனை அடைத்தார். 1990-களில் தொடைத் தமனி வழியே மெல்லிய கம்பிச் சுருளைச் செலுத்திக் குமிழை நிரப்பும் முறை பரவியது. ஆனால் இவை பயன்தர, நோயாளி காலத்தே வந்து சேர வேண்டும்.

இம்மாதம் உங்கள் இல்லத்தில் முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் இரத்த அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். கரையைக் காக்க வேண்டிய காலம் வெள்ளத்திற்கு முன்னரே அன்றோ!