மூத்தாப்பா சுட்டார் என்பது சான்றிதழ் அல்ல

கல்முனைப் பக்கத்தில் ஒரு பழைய இரட்டைக்குழல் துவக்கு கைமாறப்போகிறது என்றால் நடப்பது இதுதான். வாங்க வந்தவர் அதைத் தூக்கி நிறை பார்ப்பார். குழல்களுக்கு மேலே ஓடும் பட்டியில் ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார். உடனே விற்பவர் தன் மந்திரத்தை ஓதுவார்: "இது வெள்ளக்காரன்ட சாமான் தம்பி. மூத்தாப்பா சுட்டது, வாப்பா சுட்டது. இதுக்கு ஒண்டும் வராது." அதன் பிறகு விலைப்பேச்சு மட்டும்தான். போன பெரும்போகக் காவலுக்கு முன்னும் ஒரு போடியாரின் முற்றத்தில் இதைக் கேட்டேன். படித்தவர்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

அன்று விலைக்கு வந்த துவக்கின் பட்டியில் டபிள்யூ. ரிச்சர்ட்ஸ் என்று இருந்தது. லண்டன் துவக்காம். 1880ஆம் ஆண்டுவாக்கில் ஒரு வெள்ளைக்காரத் துரை மூத்தாப்பாவின் வாப்பாவுக்குப் பரிசாகக் கொடுத்ததாம். இரண்டு தோட்டா அறையும் காலி என்று திறந்து பார்த்துவிட்டு, "முன்கட்டையைக் கழட்டுங்க காக்கா, குழலைத் தனியா எடுங்க" என்றேன். "அத ஏன் கழட்டுற?" என்றார், தன் பரம்பரையையே நான் சந்தேகப்பட்டது போல. கழற்றினோம். குழலின் அடியில், தட்டையான இடத்தில், முட்டை வடிவக் கோட்டுக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்துகள். அதற்கு மேலே ஒரு முடி.

அது லண்டனும் இல்லை, பேர்மிங்ஹாமும் இல்லை. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சோதனைச் சாலையின் முத்திரை. அந்த முடி 1893க்குப் பிறகுதான் முட்டைக்கு மேலே ஏறியது. துரை அதற்குப் பத்துப் பதின்மூன்று வருடம் முந்தியே பரிசு கொடுத்துவிட்டார். மனிதர் பெரிய தீர்க்கதரிசி!

வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்பது 1812இல் பேர்மிங்ஹாமில் தொடங்கிய பெயர்பெற்ற கம்பனி. அதற்கும் இந்த டபிள்யூ. ரிச்சர்ட்ஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயர் பாதி போதும், மீதியை வாங்குகிறவனே நிரப்பிக்கொள்வான் என்று தெரிந்த பெல்ஜிய வியாபாரிகள் இப்படிப் பெயர் பொறித்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். நூறு வருடம் கழித்தும் நம் முற்றங்களில் அந்தப் பாதியை நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

லியேஜ் மோசமான ஊர் என்று நான் சொல்லவில்லை. 1672 முதல் குழல்களைச் சோதித்து முத்திரை குத்தும் ஊர் அது. என் கேள்வி, எந்த மருந்துக்குச் சோதித்தார்கள் என்பது. அந்தக் காலத்துக் கரிமருந்து வேறு, இன்றைய தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்து வேறு. புகையில்லா மருந்துக்கும் தேறிய பெல்ஜியக் குழலில் ஒரு சிங்கமும் பி.வி. என்ற எழுத்துகளும் இருக்கும். பேர்மிங்ஹாம் குழலானால் முடிக்குக் கீழே என்.பி., 1954க்குப் பிறகு பி.என்.பி. லண்டன் குழலானால் வாள் பிடித்த கை, அதற்குக் கீழே என்.பி. நம் டபிள்யூ. ரிச்சர்ட்ஸில் சிங்கத்தின் வாலைக்கூடக் காணோம். கரிமருந்துக்கு மட்டும் தேறிய குழல் அது. அதில்தான் மூன்று தலைமுறை ஆண்கள் கிடைத்த தோட்டாவையெல்லாம் போட்டுச் சுட்டார்கள். "சுட்டும் ஒண்டும் ஆகல்லியே" என்பார்கள். இதுவரை ஆகவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். குழல் பிளந்தால் முதலில் போவது முன்கட்டையைத் தாங்கிப் பிடித்திருக்கும் இடது கை.

தோட்டா அறையின் நீளத்தைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள். "12 போர் எண்டா 12 போர்தானே!" இல்லை. பழைய 12 போரில் பெரும்பாலானவற்றின் அறை இரண்டரை அங்குலம், அதாவது ஏறத்தாழ 65 மில்லிமீற்றர். இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70. சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அது சின்ன அறைக்குள்ளும் அழகாகப் போய் உட்காரும். சுடும்போதுதான் மடிப்பு விரியும். விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் போய் நெரியும், அழுத்தம் எகிறும். "உள்ளுக்குப் போகுது, அப்ப சரிதானே" என்று விசையை அழுத்துகிறவருக்கு இதை யார் சொல்வது? பேர்மிங்ஹாம்காரன் 1954க்குப் பிறகு அறை நீளத்தையும், சதுர அங்குலத்துக்கு 3 டன் என்பது போல அழுத்தத்தையும் குழலிலேயே பொறித்து வைத்தான். நாமோ மேல் பட்டியை வாசித்ததோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. குழலில் வரிவரியாகக் கோலம் தெரிந்தால் போதும், "ஷாம் தேசத்து வாள் இரும்பு" என்று பக்திப் பரவசம் வந்துவிடும். அந்தக் கோலத்தில் கணிசமானதைச் செய்தவர்கள் லியேஜுக்குப் பக்கத்தில் வெஸ்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கொல்லர்கள். இரும்புக் கீற்றையும் உருக்குக் கீற்றையும் முறுக்கி, கம்பியில் சுற்றி, அடித்து ஒட்டவைத்த குழல் அது. ஒட்டின இடமெல்லாம் உப்புக்காற்றுக்கு வழி. வரி இருந்தால் கட்டாயம் வெடிக்கும் என்பதும் பொய்தான். முறையாகச் சோதித்துத் தேறிய வரிக்குழல்கள் உண்டு. தேறியதா என்பதை முத்திரைதான் சொல்லும். கோலத்துக்கு வாய் கிடையாது.

உப்பு என்றதும் நினைவு வருகிறது. டபிள்யூ. ரிச்சர்ட்ஸின் புகழ்மாலையில் கடைசிப் பூ இது: "சுனாமிலயும் ஒண்டும் ஆகாத துவக்கு." 2004 டிசம்பர் 26இல் கடல் மருதமுனையையும் கல்முனையையும் சாய்ந்தமருதையும் என்ன செய்தது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அன்று அலுமாரியோடு உப்புத்தண்ணீரில் ஊறிக் கிடந்ததை ஒரு மனிதர் தகுதியாகச் சொல்கிறார்! இரண்டு குழலையும் ஈயப்பற்றால் இணைக்கும் பட்டிக்குக் கீழே ஒரு வெற்றிடம் இருக்கிறது. அங்கே போன தண்ணீரை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது. துரு வெளியில் தெரியாமல், குழலை முதுகுப் பக்கத்திலிருந்து தின்னும். குழலைத் தனியே தொங்கவிட்டு மெதுவாகத் தட்டினால் மணிபோல் கணீரென்று ஒலிக்க வேண்டும். போடியார் வீட்டுக் குழல் செத்த தகரம் மாதிரிக் கரகரத்தது. பட்டி விட்டுப்போயிருக்கிறது. மகளுக்குக் கட்டுகிற சீதன வீட்டில் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பார்த்து மேசனை வதைக்கிற அதே மனிதர், இதை ஒருநாளும் தட்டிப் பார்த்ததில்லை.

குழலுக்குள் வெளிச்சத்தைப் பிடித்துப் பாருங்கள். வளையம் போல நிழல் விழுந்தால் அங்கே குழல் வீங்கியிருக்கிறது. புள்ளிபுள்ளியாய் இருந்தால் துரு தின்ற குழி. குழலைப் பூட்டி, முன்கட்டை இல்லாமல் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் குழலுக்கும் அடிக்கும் இடையே இடைவெளி விழுந்துவிட்டது. குழலின் சுவர்த் தடிப்பை மட்டும் கண்ணால் பார்க்க முடியாது. கருவி வைத்திருப்பவர்தான் அளக்க வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்குக்குக் கீழே போனால் விவரமான துவக்குத் தச்சர் வேண்டாம் என்று தலையாட்டிவிடுவார்.

"லைசன்ஸ் இருக்குதே!" என்று ஒருவர் குறுக்கிட்டார். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துவக்குச் சட்டப்படி வருடாவருடம் புதுப்பிக்கும் அந்தக் கடதாசி, துவக்கு யாருடையது என்று சொல்லும். குழலின் சுவர் மெலிந்ததை அது சொல்லுமா? அந்தக் கடதாசிக்காகவும் அம்பாறைக் கச்சேரிக்கு நாள் முழுக்க அலைந்து, தெரியாத பாஷையில் வந்த படிவத்தை யாரிடமாவது கெஞ்சி நிரப்பி... 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் ஆக்கினார்கள். கரையோர மாவட்டம் கேட்டுக் கேட்டு நம் தொண்டை வற்றியதுதான் மிச்சம். தேர்தலுக்குத் தேர்தல் அந்த வாக்குறுதியும் இந்த டபிள்யூ. ரிச்சர்ட்ஸ் மாதிரிதான் வருகிறது. மேலே பெயர் பளபளக்கும், அடியைக் கழற்றிப் பார்க்க ஒருவரும் விடமாட்டார்கள்.

வட்டைக்குள் பன்றி வருகிறது, யானை வருகிறது, எனக்கும் தெரியும். சுட்ட பன்றியை நாம் தின்னவும் போவதில்லை. வேளாண்மையைக் காப்பாற்றத்தான் துவக்கு. அதைச் சாட்டாக வைத்து ஒரு பக்கம் இரைக்குள் ஹக்கபட்டாசு வெடியை வைத்து யானைக்குட்டியின் வாயைக் கிழிக்கிறார்கள். மறுபக்கம் மூத்தாப்பாவின் பழைய இரும்பைக் கூலிக்குக் காவல் இருக்கிற பொடியனின் கையில் கொடுத்துப் பரணில் ஏற்றுகிறார்கள். ஓடாத லாண்ட்மாஸ்டரைத் தலையில் கட்டினால் காசோடு போய்விடும். இது அப்படிப் போகாது.

ஆகவே, கழற்றிக் காட்ட மறுக்கிறவரிடம் துவக்கு வாங்காதீர்கள். முத்திரை தெரியாத குழலில் தோட்டா போடாதீர்கள். தேறாத துவக்கை முறைப்படி பொலிஸில் ஒப்படையுங்கள். அதற்கு ரோசம் இடம் தராவிட்டால், இன்னொருவன் தலையில் கட்டாமலாவது இருங்கள். "ஒண்டும் வராது" என்கிறவர் காசை எண்ணிக்கொண்டு வீட்டில் படுத்துவிடுவார். அந்தக் குழலுக்குப் பக்கத்தில் கன்னத்தை வைக்கப்போகிறவன் வேறொருவன்.