'பாக்ட்' என்னும் சொல்லும் வன்னி மண்ணும்

'பாக்ட்' என்பது ஆங்கிலச் சொல். அதனை 'ஒப்பந்தம்' என்று தமிழாக்கி, 1957 முதல் நாம் நம்பி வந்திருக்கின்றோம். நம்பியதன் பயன் யாது? அச்சொல்லின் பிறப்பையே சற்று ஆராய்வோம்.

அதன் மூலம் 'பாக்டம்' என்னும் இலத்தீன் சொல். உடன்பட்டது என்பது பொருள். சமாதானத்தைக் குறிக்கும் 'பாக்ஸ்' அதன் உடன்பிறப்பு. ஆயினும் உரோமச் சட்ட அறிஞர் அதனை ஐயத்துடனேயே நோக்கினர். சட்டம் விதித்த வடிவம் பெறாத உடன்பாடு 'வெறும் பாக்டம்'. அதிலிருந்து வழக்குப் பிறவாது என்றனர். பின்வந்த உரோம-டச்சுச் சட்டம், மனமொப்பிக் கொடுத்த வாக்கு கட்டுப்படுத்தும் என்று அவ்விதியைத் தளர்த்தியது. இலங்கையின் பொதுச்சட்டம் இன்றும் அதுவே.

காணிக்கோ அத்தளர்வு இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, முள்ளியவளைக் கமக்காரர் கால் ஏக்கர் விற்பதாயினும் நொத்தாரிசின் முன்னிலையில், இரு சாட்சிகளோடு உறுதி முடித்தல் வேண்டும். இன்றேல் அது செல்லாது. உழவர்மேல் இத்துணைக் கண்டிப்பைச் சுமத்தும் அரசு, இரு மாகாணங்களின் காணி பற்றி நம்மோடு செய்த உடன்பாடுகளுக்கு எவ்வடிவம் கொடுத்தது?

1957 யூலை 26இல் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தெரியும் அதிகாரம் பிரதேச சபைகளுக்கு என்றது அது. 1958 ஏப்ரல் 9இல் பிக்குகள் பிரதமர் இல்லத்தின் முன் அமர்ந்தனர். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1965 மார்ச் 24இல் டட்லி சேனநாயக்கா ஒப்பமிட்டார். வடக்குக் கிழக்கில் காணி முதற்கண் அவ்வம் மாவட்டத்துக் காணியற்றோருக்கே என்றது அது. அதுவும் சட்டமாகவில்லை. இரண்டும் வெறும் பாக்டங்களே!

விளைவை வன்னி மண் அறியும். 1984இல் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் மக்கள் விரட்டப்பட்டனர். மணலாறு 'வெலிஓயா' ஆயிற்று. 1988இல் மகாவலித் திட்டத்துள் அடக்கப்பட்டது.

சட்டமானால் போதும் என்பாரும் உளர். 1987 யூலை 29இன் இலங்கை–இந்திய ஒப்பந்தம் 13ஆம் திருத்தமாக அரசியலமைப்பில் ஏறிற்று. அத்திருத்தம் கூறும் தேசிய காணி ஆணைக்குழு எங்கே? இன்றுவரை அமைக்கப்படவில்லை. சட்டம் உண்டு; அதனைச் செயற்படுத்தும் கருவி இல்லை.

ஒப்பந்தமே வேண்டாம் என்பது நம் வாதமன்று. நாளை எவர் மேசைக்கு அழைப்பினும், நம் பிரதிநிதிகள் மூன்றைக் கேட்டே கையொப்பமிடுதல் வேண்டும்: எந்நாளுக்குள் இது சட்டமாகும்? எவ்வமைப்பு இதனை நிறைவேற்றும்? மீறப்படின் எந்த மன்றில் நாம் வழக்கிடலாம்? கால் ஏக்கருக்கு இரு சாட்சி கேட்கும் நாட்டில், ஓர் இனத்தின் காணிக்கு இவற்றைக் கேட்பது மிகையாகுமா?